காக்காவும் தாத்தாவும்

மதில்மேல் ஒரு காக்கா வந்து உட்கார்கிறது. நாலு வயதுப் பையன் சோற்றுத் தட்டை விட்டு எழுந்து, விரலை நீட்டி, "தாத்தா! தாத்தா!" என்று குதிக்கிறான். திண்ணையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும் பெரியவர் "என்னடா?" என்று நிமிர்கிறார். பையனுக்கு எரிச்சல். அவன் அவரைக் கூப்பிடவில்லை.

இந்தப் பையன் அத்தியாயம் முழுக்க நம்மோடு வரப்போகிறான். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் பக்கம் வீடு. பூவுக்குப் பேர்போன ஊர். அவன் அம்மா விடியலில் பூப்பறித்து வந்து, உதிரியாகக் கொஞ்சமும் கட்டிக் கொஞ்சமும் விற்பவள். அப்பா சிங்கப்பூரில். அப்பத்தாவும் தாத்தாவும் வீட்டோடு இருக்கிறார்கள். பல குழந்தைகளைச் சேர்த்து நான் உருவாக்கிய பையன் இவன். அவன் வாயில் வரும் ஒலிகளும், அவனைச் சுற்றியிருக்கும் ஊர்களும் மட்டும் அசல்.

அவனிடம் ஊரைக் கேட்டால் "தீரமந்தலம்" என்பான். பஸ் "ஆலந்துடி" வழியாகப் "புதுத்தோட்டை" போகும். கை "தை", கத்தரிக்காய் "தத்தரித்தாய்", அக்கா "அத்தா". பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தச் சொற்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். எங்கெல்லாம் க வருகிறதோ அங்கெல்லாம் த. ங்க வரும் இடத்தில் ந்த. ஒரு இடத்திலும் தவறவில்லை. இவன் உளறவில்லை, ஒரு விதியைப் பின்பற்றுகிறான். நாம் கற்றுத்தராத, அவனே வகுத்துக்கொண்ட விதி.

தொண்டைக்கு அருகே, பின்னண்ணத்தில் பிறக்க வேண்டிய ஒலியை வாயின் முன்பக்கத்துக்கு நகர்த்துவது இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளிடம் உலகெங்கும் காணப்படுவதுதான். பெரும்பாலான குழந்தைகளிடம் மூன்றரை வயதுக்குள் தானாகவே மறைந்துவிடும். நாலு வயதில் வீட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் குழந்தையின் பேச்சு பெருமளவு புரிய வேண்டும். இவன் பேசுவதில் பாதியைக்கூட கடைக்காரரால் பிடிக்க முடியவில்லை. எனவே இது மழலை அல்ல, பேச்சொலிக் குறைபாடு.

வாய்க்குள் என்ன நடக்கிறது என்று அறிய நாம் வெகுதூரம் போக வேண்டாம். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவது இயல் பிறப்பியல். கொப்பூழிலிருந்து கிளம்பும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்ற எட்டு இடங்களில் பட்டு எழுத்தாகிறது என்று அது தொடங்கும். பிறகு ஒவ்வொரு இனமாக விளக்கம். நாக்கின் அடி அண்ணத்தின் அடியைத் தொட்டால் க, ங. நடு நடுவைத் தொட்டால் ச, ஞ. நுனி நுனியைத் தொட்டால் ட, ண. நாக்கின் நுனி பரந்து பல்லின் அடியில் ஒட்டினால் த, ந. இன்றைய ஸ்பீச் தெரபிஸ்டின் மேஜைமேல் இருக்கும் வாய்ப்படத்தில் உள்ள அம்புக்குறிகள் கிட்டத்தட்ட இவைதாம். நம் பையன் செய்வது, அடிநாக்கின் வேலையை நுனிநாக்குக்கு மாற்றிவிடுவது. அவ்வளவே.

ஏன் நுனி? நுனியைக் கண்ணாடியில் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், தாடையோடு சேர்ந்து அது தானே ஏறி இறங்கும். அடிநாக்கு இருட்டில் இருக்கிறது. அதைத் தாடையின் உதவியில்லாமல் தனியாக உயர்த்தப் பழக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூன்று மாதக் கைக்குழந்தையாகத் தொட்டிலில் மல்லாந்து கிடந்தபோது இதே பையன் "அக்கூ... ங்கூ" என்று கொஞ்சியிருப்பான். மல்லாந்து படுக்கையில் நாக்கு தன் எடையால் பின்னே சரிந்து அண்ணத்தில் ஒட்டும். ஒலி தானாக வந்துவிடும். அன்று தற்செயலாக வந்த ஒலியை இன்று வேண்டியபோது, வேண்டிய சொல்லின் வேண்டிய இடத்தில் வரவழைக்க வேண்டும். முன்னது உடலின் விளையாட்டு, பின்னது மொழி. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் குழந்தைகள் மூன்று, நான்கு ஆண்டுகள் நடக்கிறார்கள்.

இனி அந்த எரிச்சலுக்கு வருவோம். தாத்தா விளையாட்டாக, "அது தாத்தாவாடா?" என்று காக்காவைக் காட்டிக் கேட்கிறார். பையன் தலையை ஆட்டி மறுக்கிறான். "இல்ல, தாத்தா!" என்கிறான் அழுத்தமாக. தான் சொன்னதற்கும் பெரியவர் சொன்னதற்கும் வித்தியாசம் இருப்பதாக அவன் நம்புகிறான். 1960இல் ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதே போன்ற ஒரு உரையாடலைப் பதிவு செய்தார்கள். ஒரு குழந்தை மீன் பொம்மையை "ஃபிஸ்" என்றது. பெரியவர் அதையே திருப்பிச் சொன்னால் குழந்தை ஏற்கவில்லை. "ஃபிஷ்" என்று சரியாகச் சொன்ன பிறகே சமாதானம் ஆனது. மனத்துக்குள் சொல் சரியாக இருக்கிறது, வாய் வேறொன்றைச் செய்கிறது, தன் வாய் செய்வது தன் காதுக்கே எட்டவில்லை. "எத்தனை தடவை சொல்லித் தந்தாலும் மண்டையில ஏறல" என்று ஒரு தாய் அலுத்துக்கொள்ளும்போது இதைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். மண்டையில் எப்போதோ ஏறிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பையன் வாழைப்பழத்தை "வாளப்பளம்" என்கிறான். அவன் அம்மாவும் அப்படித்தான் சொல்கிறாள், அப்பத்தாவும், அந்தத் தெருவில் பாதிப் பேரும். தெற்கத்திப் பேச்சில் ழ ள ஆவது வட்டார வழக்கு. நகரத்தில் படித்த ஒரு பயிற்சியாளர் இதையும் குறைபாட்டுப் பட்டியலில் சேர்த்தால், ஊரையே நோயாளி ஆக்கியதாக முடியும். தொல்காப்பியர் நாக்கின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவும் என்று ர, ழ இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறார். குழந்தைகளுக்குக் கடைசியில் வசப்படும் ஒலிகளில் அவையும் அடங்கும். ழகரத்தைத் தமிழின் மானமாகக் கொண்டு நாலு வயதுப் பிள்ளையை வதைப்பவர்களை நான் மேடைகளிலும் வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். காக்காவும் தாத்தாவும் ஒன்றாகிவிடுவதுதான் முதலில் தீர வேண்டிய வழக்கு.

*

"ஏத்தா, இவுக அப்பனும் இப்புடித்தான் இருந்தான். பள்ளிக்கூடம் போனதும் சரியாயிருச்சு. குமரகுருபரரு அஞ்சு வயசு வரைக்கும் பேசவே இல்லையாமே?" என்பது அப்பத்தாவின் வாதம்.

பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, ஐந்து வயது வரை பேசாமலிருந்து, திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியதாகச் சொல்லப்படும் அந்தக் குழந்தையைத் தமிழ்நாட்டில் பேச்சுத் தாமதமான ஒவ்வொரு வீடும் ஒருமுறையாவது நினைக்கிறது. அதில் ஆறுதல் இருக்கிறது. ஆறுதல் இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிடவும் கூடும். அப்பத்தா சொல்வதில் உண்மையும் உண்டு: தாமதமாகப் பேசும் இரண்டு வயதுக் குழந்தைகளில் கணிசமானவர்கள் தாமாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும், எது பின்தங்கும் என்று இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. காத்திருப்பதில் தவறில்லை, யாரும் பார்க்காமல் காத்திருப்பதுதான் தவறு.

அடுத்த யோசனை வசம்பு. பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. சுட்டு உரசி நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்பது நம்பிக்கை. வசம்பில் ஆசரோன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதன் காரணமாகவே 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. நாக்கில் தடவுவதால் பேச்சு வந்ததற்குச் சான்று இல்லை. மூன்றாவது, நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட வேண்டும் என்ற யோசனை. நாக்கின் அடியில் உள்ள சவ்வு குட்டையாக இருந்தால் நுனிநாக்கின் அசைவு தடைபடலாம். சில குழந்தைகளுக்குப் பால் குடிப்பதில் சிரமம் வரும். பேச்சுத் தாமதத்துக்கு அது காரணம் அல்ல. நம் பையனிடமோ நுனிநாக்குத்தான் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துகொண்டிருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது காது டெஸ்ட். பேச்சில் எந்தக் கோளாறு என்றாலும் காதிலிருந்தே தொடங்க வேண்டும். சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் தேங்கிய குழந்தைக்கு உலகம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருக்கும். பெற்றோர் "கூப்பிட்டா திரும்புறானே" என்பார்கள். முழுக்கக் கேளாத குழந்தை என்றால் கதையே வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கான காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையும் அதைத் தொடரும் பயிற்சியும் அடக்கம். ஆனால் அங்கே வயது கறாரானது. ஒலியே வந்து சேராத மூளைப் பகுதி அதிக காலம் காத்திருக்காது.

நம் பையனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. அவனை முதலில் கவனித்தவர் அங்கன்வாடிக்கு வந்த ஆர்.பி.எஸ்.கே. குழுவின் மருத்துவர். 2013இல் நாடு முழுவதும் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வண்டியில் வரும் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் போகிறது. பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்று முப்பது வகை நிலைகளைத் தேடும் பட்டியலில் மொழித் தாமதமும் ஒன்று. அங்கிருந்து சீட்டு எழுதி மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். சீட்டு வந்துவிட்டது. இனி பஸ்.

பஸ் சின்ன விஷயமில்லை. கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போய் வந்தால் ஒரு நாள் பூ போயிற்று. கோட்டைப்பட்டினம், மீமிசல் கரையிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் தூரம். தனியார் மையம் என்றால் திருச்சி, தஞ்சாவூர். மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1965இல் தொடங்கப்பட்டது; அதன் பிறகு படித்து வெளிவந்த நிபுணர்களில் பெரும்பாலோர் நகரங்களிலேயே தங்கிவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளிகளும் அங்கன்வாடிப் பணியாளர்களும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வரத் தொடங்கிய காலம் அது. அந்தப் பெண்களின் மகள்கள் இன்று ஸ்கூட்டியின் முன்னால் பிள்ளையை நிறுத்திக்கொண்டு ஸ்பீச் தெரபிக்குப் போகிறார்கள். நம் பையனின் அம்மா அப்படிப் போகிறவள். ஆலங்குடியில் வண்டியைப் போட்டுவிட்டு அங்கிருந்து பஸ்.

*

வாரத்துக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நாலு வயதுக் குழந்தை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருக்கும் என்றால் வாரத்துக்கு 84 மணி. அதில் முக்கால் மணி என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி முழுக்க வீட்டில் கழிகிறது. பயிற்சியாளர் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறார்: "நான் கத்துக்குடுக்கறது பையனுக்கில்லம்மா, உங்களுக்கு."

அந்த அறையில் நடப்பதைப் பார்த்தால் விளையாட்டுபோலவே இருக்கும். பையனை மல்லாக்கப் படுக்க வைக்கிறார். தொட்டிலில் நடந்த அதே தந்திரம்: நாக்கு பின்னே சரியும். வாயில் கொஞ்சம் தண்ணீர் வைத்துக் "களகள" என்று கொப்பளிக்கச் சொல்கிறார். அடிநாக்கு எங்கே இருக்கிறது என்று அவனுக்கு முதல்முறையாகத் தெரிகிறது. ஐஸ் குச்சியால் நுனிநாக்கை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு "கூ" சொல்லச் சொல்கிறார். நுனி எழ முடியாததால் வேலை அடிநாக்கிடம் போகிறது. ரயில் கூவுகிறது: "கூ..." அன்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவன் ரயில்தான்.

ஏன் கா அல்ல, கூ? பின்னுயிர்களான உ, ஊ, ஒ, ஓ வரும்போது நாக்கு ஏற்கனவே பின்னால் திரண்டிருக்கும். க பிறக்க வசதி. இ, ஈ, எ, ஏ வந்தால் நாக்கு முன்னே ஓடும். கீரமங்கலம் கடினம், கோட்டை எளிது. இந்த அசைக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் உள்ள குடுமியான்மலை நினைவுக்கு வரும். அங்கே பாறையில் பல்லவ கிரந்தத்தில் வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பிரிவுகள். சுரங்கள் நான்கு நான்காக. ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என நான்கு உயிர்களோடு மாறி மாறி வருகிறது: ர, ரி, ரு, ரெ என்பதுபோல. அந்த உயிர்மாற்றம் எதைக் குறிக்கிறது என்று இசை அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பேச்சுப் பயிற்சியாளரின் நோட்டுப் புத்தகத்திலும் க, கி, கு, கெ, கோ என்று கட்டங்கள் இருக்கும். இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லைதான். மெய்யை நிலையாக வைத்து உயிரை மாற்றிப் பழகுவது மனித வாய்க்கு எவ்வளவு பழைய பயிற்சி என்று தோன்றும்.

தமிழில் க என்ற எழுத்து ஒன்று, ஒலி பல. கடையில் வருவது வேறு, அக்காவில் வருவது வேறு, தங்கத்தில் வருவது வேறு. மகனில் அது காற்றாகவே கரைந்துவிடுகிறது. எனவே ஆங்கிலப் புத்தகத்தின் சொற்பட்டியலை மொழிபெயர்த்துக் கொடுத்தால் பயிற்சி பாழ். முதலில் எடுக்க வேண்டியது இரட்டித்து வரும் க்க என்பது என் கட்சி: அக்கா, பாக்கு, முறுக்கு, சக்கரம். இரட்டிக்கும் மெய்யில் நாக்கு அண்ணத்தை ஒட்டியபடி கூடுதல் நேரம் நிற்கிறது; தன் நாக்கு எங்கே இருக்கிறது என்று குழந்தை உணர அந்த நேரம் போதும். முறுக்குக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சரியாகச் சொன்னால் தின்னலாம்.

ஒலி தனியாக வந்துவிட்டது என்றால் வேலை முடியவில்லை. இப்போதுதான் காக்காவும் தாத்தாவும் உள்ளே வருகிறார்கள். ஒரே ஒரு ஒலியால் மட்டும் வேறுபடும் இரண்டு சொற்களை எடுத்து, அந்த வேறுபாட்டால் பொருளே மாறுவதைக் குழந்தைக்குக் காட்டுவது ஒரு முறை. 1981இல் ஃபிரெட்ரிக் வைனர் நாலு வயதுக் குழந்தைகள் இருவரிடம் இதைச் சோதித்து எழுதினார். இரண்டு படங்களைப் போட்டு, குழந்தை சொல்வதையே எடுத்துத் தர வேண்டும். அது நினைத்ததை அல்ல. நம் பையன் காக்காப் படம் வேண்டும் என்று "தாத்தா" என்கிறான். அம்மா சாதுவாகத் தாத்தாப் படத்தை நீட்டுகிறாள். "இது இல்ல!" மறுபடியும் "தாத்தா". மறுபடியும் தாத்தாப் படம். அவன் முகத்தில் ஒரு யோசனை படர்கிறது. தன் வாயிலிருந்து என்ன போகிறது என்று அவன் முதல்முறையாகக் காது கொடுக்கிறான். இது கண்டிப்பு அல்ல, திருத்தலும் அல்ல. சொல் எங்கே போய்ச் சேர்ந்தது என்ற செய்தி மட்டும்.

பல மையங்களில் ஊதல் ஊதுவது, பலூன், ஸ்ட்ராவால் உறிஞ்சுவது என்று நிறைய நடக்கிறது. வாய்த் தசை வலுப்படுமாம். பேச்சொலிக் குறைபாட்டில் தசை பலவீனம் பெரும்பாலும் பிரச்சினையே அல்ல. ஊதிப் பழகிய வாய் ஊதுவதில்தான் தேறும். இந்தப் பயிற்சிகளால் பேச்சு தேறுகிறது என்பதற்கு ஆய்வுகள் ஆதரவாக இல்லை. பலூனுக்குக் கொடுக்கும் பத்து நிமிடத்தை முறுக்குக்குக் கொடுக்கலாம்.

வீட்டில் பயிற்சி எப்படி? ஒரே மூச்சில் அரை மணி நேரம் உட்கார வைத்தால் இருவரும் அழுவார்கள். பூக் கட்டும்போது ஐந்து நிமிடம், குளிக்கையில் ஐந்து நிமிடம், சிங்கப்பூர் வீடியோ காலில் அப்பாவோடு ஐந்து நிமிடம். கூர்ந்து கேட்டால், அப்பா பேசும் நேரம்தான் அவன் அதிகம் முயலும் நேரம். போனில் கைகாட்டிச் சமாளிக்க முடியாது. மற்ற நேரங்களில் அவன் தவறாகச் சொன்னால் மறுத்துச் சொல்லாமல், சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகத் திருப்பித் தருவது. "தாய் வேணும்." "காயா? எந்தக் காய் வேணும்? கத்தரிக்காயா?" அவ்வளவுதான். "கா சொல்லு. சொல்லு. இன்னொரு தடவ சொல்லு" என்று விருந்தாளிகள் முன் நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

*

அப்பத்தா ஒருநாள் கேட்டாள்: "நீ கைக்கொழந்தையில போனக் குடுத்ததாலதான?" தாய் பதில் சொல்லவில்லை. குழந்தையின் பேச்சில் கோளாறு என்றவுடன் ஊரின் விரல் தாயை நோக்கித் திரும்புவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. விஞ்ஞானமும் அதைச் செய்திருக்கிறது.

1939இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டெல் ஜான்சன் என்ற பேராசிரியர் இருந்தார். அவருக்கே திக்குவாய். குழந்தை இயல்பாகத் தடுமாறுவதைப் பெற்றோர் குறையாகப் பார்த்துப் பார்த்துத்தான் அது திக்குவாய் ஆகிறது என்பது அவர் எண்ணம். அவரது மாணவி மேரி டியூடர் அனாதை இல்லத்துக் குழந்தைகள் 22 பேரிடம் அதைச் சோதித்தார். ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம் "உனக்குத் திக்குகிறது, ஜாக்கிரதையாகப் பேசு" என்று மாதக்கணக்கில் சொல்லப்பட்டது. அவர்கள் திக்குவாயர்களாக மாறிவிடவில்லை. ஆனால் பேசவே கூச்சப்பட்டு ஒடுங்கிப்போனார்கள். 2001இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. பெற்றோரைக் குற்றவாளியாக்கும் அந்த எண்ணம் அதற்குள் பல தலைமுறைத் தாய்மார்களை அரித்திருந்தது. 2010இல் டென்னிஸ் டிரேய்னாவின் குழு பாகிஸ்தானில் திக்குவாய் அதிகம் உள்ள ஒரு குடும்பத்திலிருந்து தொடங்கி ஜிஎன்பிடிஏபி என்ற மரபணுவில் மாற்றங்களைக் கண்டறிந்தது. எல்லாத் திக்குவாய்க்கும் அது காரணமல்ல; ஆனாலும் வேர் உடலில் இருக்கிறது.

அதே பெற்றோர் மருந்தாகவும் முடியும் என்பதை ஆஸ்திரேலியர்கள் காட்டினார்கள். சிட்னியின் லிட்கோம் என்ற புறநகரின் பெயரைத் தாங்கிய முறையில், பயிற்சி தருவது தாயோ தந்தையோதான். குழந்தை திக்காமல் பேசிய நேரத்தைக் கவனித்துப் பாராட்ட வேண்டும். எப்போதாவது, மிக மென்மையாக, தடுமாறிய சொல்லைச் சுட்டலாம். தினமும் எவ்வளவு திக்கியது என்று மதிப்பெண் போட்டு வைக்க வேண்டும். 2005இல் நியூசிலாந்தில் 54 குழந்தைகளைக் கொண்டு நடந்த சோதனையில், ஒன்பது மாதம் கழித்து இந்த முறையில் பழகியவர்கள் நூறு அசைக்குச் சராசரியாக 1.5 அசையில் திக்கினார்கள், மற்றவர்கள் 3.9. கவனிக்க வேண்டியது என்னவென்றால், மற்றவர்களும் குறைந்திருந்தார்கள். இந்த வயதில் தொடங்கும் திக்குவாய் பலருக்குத் தானாகவே போய்விடும். சிகிச்சை அந்த ஓட்டத்தைவிட வேகமாக ஓடியது.

எல்லா வீட்டிலும் இவ்வளவு சுலபம் இல்லை. லண்டனில் ஒரு குடும்பம்; மூன்று தலைமுறையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நாக்கு, உதடு, தாடை மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இயக்கும் திட்டமே மூளையில் குலைந்திருந்தது. 2001இல் ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்ததைக் கண்டார்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கு விதி கிடையாது. ஒரே சொல்லை மூன்று முறை சொன்னால் மூன்று விதமாக வரும். அதற்கு வாரத்துக்கு ஒருமுறை போதாது, நூற்றுக்கணக்கான முறை சொல்லிப் பழக வேண்டும், அருகில் தேர்ந்த பயிற்சியாளர் வேண்டும். "அம்மாவே போதும்" என்ற வாசகத்தை அங்கே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மற்றபடி, பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பது வசதியில்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று நினைக்கக் கூடாது. ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மனைவி லூயிஸ், காது கேளாத தன் மகன் ஜானுக்குத் தானே பேசக் கற்றுத்தந்தவர். 1942இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் மகன் பெயரில் தொடங்கிய மையம் பெற்றோருக்கான பாடங்களைத் தபாலில் உலகெங்கும் அனுப்பியது. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயாவில் காது கேளாத குழந்தையோடு தாயும் வகுப்பில் உட்கார வேண்டும். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன், முதுகுத்தண்டு அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த பிறகு, 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் வண்டியில் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போகிறார்கள். கையில் உள்ள செயலி வழியாக நிபுணர் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்கிறார். பயிற்சி பெற்ற பெற்றோர் தரும் மொழிப் பயிற்சியைப் பற்றிய 18 ஆய்வுகளை 2011இல் மேகன் ராபர்ட்ஸும் ஆன் கைசரும் தொகுத்துப் பார்த்து, பலன் தெளிவாக இருப்பதாகவே முடித்தார்கள்.

இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. "வீட்டில் பயிற்சி" என்று காகிதத்தில் எழுதும்போது வீடு என்பது நடைமுறையில் ஒரு பெண். பூப்பறித்து, சமைத்து, மாமியாருக்குப் பதில் சொல்லி, நோட்டில் மதிப்பெண்ணும் போட வேண்டும். நாலு நாள் விட்டுப்போனால் குற்ற உணர்ச்சி. நல்ல பயிற்சியாளர்கள் முதலில் தாத்தாவை அறைக்குள் கூப்பிடுவார்கள். நம் கதையில் அவர்தானே பாதிக்கப்பட்ட தரப்பு? படம் நீட்டும் விளையாட்டை மூன்றாவது வாரத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டார். திண்ணையில், வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில்.

அறந்தாங்கிக்குத் தெற்கே ஆவுடையார்கோவில். மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறை அதுதான். அவர் பின்னாளில் தில்லையில் ஈழத்து அரசனின் ஊமைப் பெண்ணைப் பேச வைத்ததாகப் புராணம் சொல்லும். எப்படி என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அவர் அவளைப் "பேசு" என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். மறுபடி கேள்வி, மறுபடி பதில். அந்த வடிவத்தில் அமைந்ததே திருச்சாழல். சாழல் என்பது பெண்கள் எதிரெதிராக நின்று கேட்டும் சொல்லியும் ஆடும் விளையாட்டு. அற்புதத்தைப் பக்தர்களிடம் விட்டுவிடுகிறேன். முறை வைத்து மாறி மாறிப் பேசும் ஆட்டம் பேச்சுக்கு அடிப்படை என்பதை இன்றைய ஆய்வகங்களும் மறுக்கவில்லை. நான் ஒன்று சொல்ல, நீ சொல்லும்வரை வாயை மூடிக் காத்திருப்பது. பெரியவர்களுக்குக் கடினமானது அந்தக் காத்திருப்புத்தான். தாத்தாவுக்கு அது வரும். வெற்றிலை மெல்லும் வாய்க்கு அவசரம் இல்லை.

பதினோராவது வாரம். "கோட்டை" சரியாக வந்துவிட்டது. "கீரமங்கலம்" இன்னும் "தீரமங்கலம்". முறுக்கு நூறு சதவீதம். மதில்மேல் காக்கா வந்து உட்காருகிறது. பையன் அதைப் பார்க்கிறான். வாயைத் திறந்து, ஒரு கணம் நிறுத்தி, நாக்கைப் பின்னே இழுக்கிறான். "காக்கா."

அம்மா பூக்கட்டும் நாரைக் கீழே போட்டுவிடுகிறாள்.

புதிதாகக் கற்ற ஒலியைக் குழந்தைகள் கொஞ்ச நாள் எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பார்கள். பயிற்சியாளர்கள் அதை முன்னேற்றம் என்றே நோட்டில் குறித்துக்கொள்வார்கள். பையன் பெருமையோடு திண்ணையைப் பார்த்துத் திரும்பினான்.

"காக்கா! அங்க பாரு, காக்கா!"

"பாத்துட்டேன்டா."

"நீதான் காக்கா!" என்றான் அவரைப் பார்த்து, பாசமாக.